கணினி காட்டும் ‘முன்னிருப்பு’: அது யாருடைய சொல்?

ஊரை விட்டு வந்து உத்தியோகம் பார்ப்போருக்கு ஒரு சங்கடம் உண்டு. வீட்டில் ஒரு பொருள் பழுதாகிவிட்டால், அதைச் செப்பனிடுவோருக்கு நம் மொழி தெரியாது; அவருடைய மொழி நமக்கு அரைகுறை. தண்ணீர்க் குழாயும் மின்விசிறியும் பழுதானால் கையால் சுட்டிக் காட்டியே காரியத்தை முடித்துவிடலாம். கணினியில் தமிழ் விசைப்பலகை காணாமற்போய்விட்டது என்பதை நாகபுரியிலோ பிலாயிலோ உள்ள கடைக்காரருக்கு எவ்வாறு விளக்குவது? தமிழில் தட்டெழுதியவர்களை அவர் கண்டதில்லை. ஆகையால் தமக்குத் தெரிந்த ஒரே மருந்தைச் சொல்வார்: “எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவித் தருகிறேன்.” அவ்வாறு அழிப்பதில் குழந்தைகளின் புகைப்படங்களும், ஊரிலிருந்து வந்த கடிதங்களும், பெரியவர்கள் எழுதி வைத்த கணக்குகளும் சேர்ந்தே போய்விடக்கூடும்.

இத்தகைய தொல்லைகள் பலவற்றிற்குப் பெரிய நோய் எதுவும் காரணமாக இருப்பதில்லை. அமைவுகளைத் திருத்தும் கருவி ‘முன்னிருப்பு மதிப்பு’ என்று ஒன்றைக் காட்டுகிறது; அதை நம்பி நாம் ஒரு பொத்தானை அழுத்துகிறோம்; விளைவு வேறாகிறது. கருவி ஏன் தவறான முன்னிருப்பைக் காட்டுகிறது, அல்லது தவறானது போலத் தோன்றும் ஒன்றைக் காட்டுகிறது என்பதை விளங்கிக்கொண்டால், கடைக்காரரிடம் போகவேண்டிய தேவை பாதியாகக் குறையும். அதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எந்தக் கணினியைப் பற்றிய பேச்சு இது?

லினக்ஸ் கணினிகளில் பரவலாக வழங்கும் ‘க்னோம்’ என்னும் மேசைச் சூழலையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். 1997-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இச்சூழல் உபுண்டு முதலிய பல வெளியீடுகளில் இடம்பெற்றிருக்கிறது. கேரளத்தில் வாழும் நம்மவரின் பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் பயிலும் ‘கைட்’ லினக்ஸ், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது என்பதை அவ்வன்பர்கள் அறிவார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளியில் பழகிய பொருளே வீட்டிலும் இருத்தல் நன்று என்று கருதிப் பலர் அதையே வீட்டிலும் வைத்துக்கொள்கின்றனர்.

க்னோம் சூழலில் எழுத்தின் அளவு, திரையின் தோற்றம், விசைப்பலகை ஆகிய யாவும் ‘ஜிசெட்டிங்ஸ்’ என்னும் ஏற்பாட்டின் வழியாக ஆளப்படுகின்றன. இவ்வேற்பாடு 2010-இல் வெளிவந்தது. 2011 ஏப்ரலில் க்னோம் 3 வெளியானபோது பழைய ‘ஜிகான்ஃப்’ முறையின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. நாம் செய்யும் மாற்றங்கள் ‘டிகான்ஃப்’ என்னும் தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. அவற்றை நேரே திறந்து பார்க்கவும் திருத்தவும் உதவும் கருவியே ‘டிகான்ஃப் எடிட்டர்’. முதன்முறை திறக்கும்போதே கவனமாக இருக்கும்படி அது எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையை வெறும் சம்பிரதாயமாக எண்ணிவிடக் கூடாது.

நான்கு அடுக்குகள்

ரயில்வேயில் பணிபுரிவோருக்கு இது எளிதில் விளங்கும். வண்டிகளை இயக்குவதற்கு நாடு முழுமைக்கும் ‘பொது விதிகள்’ உள்ளன. 1976-ஆம் ஆண்டின் விதிகள் என்று நாம் குறிப்பிடுவது இவற்றையே. அவற்றையொட்டி ஒவ்வொரு மண்டல ரயில்வேயும் ‘துணை விதிகள்’ வகுக்கிறது. ஒவ்வொரு நிலையத்திற்கும் தனியே ‘நிலைய இயக்க விதிகள்’ இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் கீழே, பணியிலிருப்பவர் தம் மேசைமேல் நினைவுக்காக ஒட்டிவைத்திருக்கும் குறிப்பு ஒன்றும் இருக்கலாம்.

க்னோம் அமைவுகளும் இவ்வாறே அடுக்கடுக்காக உள்ளன. மென்பொருளை ஆக்கியோர் எழுதிய ‘ஸ்கீமா’ கோப்பு முதலாவது. அதைப் பொது விதி எனலாம். உபுண்டு போன்ற வெளியீட்டாளர் தம் விருப்பப்படி சேர்க்கும் ‘ஓவர்ரைடு’ கோப்பு, அதாவது மேலாணைக் கோப்பு, இரண்டாவது. அது துணை விதி. பள்ளி, அலுவலகம், சங்கம் ஆகியவற்றில் கணினியை நிர்வகிப்பவர் எல்லாக் கணக்குகளுக்கும் பொதுவாக எழுதிவைக்கும் மதிப்பு மூன்றாவது. அது நிலைய விதி. பயனர் தாமே மாற்றியது நான்காவது; அது மேசைமேல் ஒட்டிய குறிப்பு.

ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. ரயில்வேயில் துணை விதி பொது விதிக்கு முரணாக இருத்தல் கூடாது. கணினியிலோ பயனருக்கு அருகிலுள்ள அடுக்கே வெல்லும். நிர்வாகி ‘பூட்டு’ இட்டிருந்தால் மட்டும் பயனர் எழுதியது செல்லாது.

எடுத்துக்காட்டாகத் திரையின் தோற்றத்தைக் கருதுவோம். க்னோம் ஆக்கியோர் வைத்த தோற்றத்தின் பெயர் ‘அத்வைத்தா’. உபுண்டுவினர் தம் மேலாணைக் கோப்பில் ‘யாரு’ என்று எழுதியுள்ளனர். உபுண்டுக் கணினியில் முன்னிருப்பு எது என்று கேட்டால் அத்வைத்தா என்பதும் ஒரு விடை; யாரு என்பதும் ஒரு விடை. யாருடைய முன்னிருப்பு என்று சேர்த்துக் கேட்டால்தான் கேள்வி முழுமை பெறும்.

தவறு புகும் வழிகள்

முதலாவது வழி, திருத்தச் சீட்டு ஒட்டப்படாமை. விதிகள் மாறும்போது ‘கரெக்ஷன் ஸ்லிப்’ எனப்படும் திருத்தச் சீட்டு நமக்கு வரும்; அதை விதிநூலில் உரிய இடத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சீட்டு மேசையறையிலேயே கிடந்தால், நூலைப் பிரித்துப் படிப்பவர் பழைய விதியையே படிப்பார். ஸ்கீமா கோப்புகளும் அப்படியே. அவை மனிதர் படிக்கும் வடிவில் எழுதப்பட்டாலும், கணினி அவற்றை நேரே படிப்பதில்லை. அவையனைத்தையும் ஒன்றாகத் தொகுத்த ஒரே கோப்பைத்தான் அது படிக்கிறது. மேலாணைக் கோப்பில் ஒருவர் புதிய மதிப்பை எழுதிவிட்டு, தொகுக்கும் கட்டளையை இடாமல் விட்டால், கருவி பழைய முன்னிருப்பையே காட்டிக்கொண்டிருக்கும். தொகுத்த பின்னரும், ஏற்கெனவே திறந்திருக்கும் நிரல்கள் பழைய தொகுப்பையே கையில் வைத்திருக்கும். வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால்தான் புதியது தெரியும்.

இதனோடு சேர்ந்த இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேலாணைக் கோப்பில் சொல்லாக வரும் மதிப்பை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். குறிகளை விட்டுவிட்டால், தொகுக்கும் நிரல் ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு அந்த வரியைப் புறக்கணித்துவிடும். எச்சரிக்கையைப் படிக்காதவர், ‘எழுதியும் ஏற்கவில்லையே’ என்று கருவியை நோவார்.

இரண்டாவது வழி, கேட்பவர் மாறிவிடுதல். சிலர் அதிகாரம் வேண்டுமென்று ‘சூடோ’ என்னும் முதன்மைப் பயனர் கட்டளையோடு எடிட்டரைத் திறக்கின்றனர். அப்போது அது காட்டுவது நம்முடைய அமைவுகளையல்ல. முதன்மைப் பயனரின் அமைவுகளை. அதுமட்டுமன்று. 2018 முதல் மேலாணைகளை ஒரு குறிப்பிட்ட மேசைச் சூழலுக்கு மட்டும் உரியவையாக எழுதும் வசதி வந்திருக்கிறது. நாம் எந்தச் சூழலில் இருக்கிறோம் என்பதை ‘எக்ஸ்டிஜி கரண்ட் டெஸ்க்டாப்’ என்னும் சூழல் மாறியைப் பார்த்தே கணினி அறிகிறது. சூடோவோடு திறக்கும்போது இம்மாறி வழக்கமாக உடன் செல்வதில்லை. ஆகவே உபுண்டுவின் மேலாணை பொருந்தாமற்போய், யாரு என்று வரவேண்டிய இடத்தில் அத்வைத்தா வந்து நிற்கும். அனுமதிச் சீட்டு இல்லாதவருக்கு நுழைவாயிற் காவலர் பொதுமக்களுக்குரிய விடையையே தருவார், அதுபோல என்க.

மூன்றாவது வழி, பெட்டிக்குள்ளிருந்து பார்த்தல். அண்மைக் காலத்தில் மென்பொருள்கள் தம்மைச் சுற்றி வேலியிட்ட ‘ஃபிளாட்பேக்’, ‘ஸ்நாப்’ பொதிகளாகக் கிடைக்கின்றன. இத்தகைய பொதியில் வந்த எடிட்டர், பெட்டிக்குள்ளேயுள்ள ஸ்கீமாக்களைப் படிக்க நேரலாம். நம் கணினியின் மேலாணைகள் அதன் கண்ணில் படாமற்போகலாம். ஒரே கணினியில் இரு வழிகளில் நிறுவிய இரு எடிட்டர்கள் வெவ்வேறு முன்னிருப்பைக் காட்டினால், முதலில் ஐயுற வேண்டியது இதையே.

நான்காவது வழி, ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருத்தல். ‘ஸ்கீமாவில் எழுதியுள்ள முன்னிருப்பு எது?’ என்பது ஒரு கேள்வி. ‘என் மாற்றத்தை நீக்கினால் எந்த மதிப்பு வரும்?’ என்பது வேறொரு கேள்வி. நிர்வாகி இடையே ஒன்றும் எழுதவில்லையானால் இரண்டிற்கும் விடை ஒன்றே. எழுதியிருந்தால் விடைகள் வேறுபடும். ஜிசெட்டிங்ஸை ஆக்கியோர் இவ்விரண்டிற்கும் தனித்தனிச் செயற்கூறுகளை வைத்து, விடை வேறுபடலாம் என்பதை ஆவணத்திலும் எழுதிவைத்திருக்கின்றனர். ஒரு கருவி எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ அந்த விடையே நம் திரையில் தோன்றும்.

இதன் விளைவைச் சங்க நூலகத்துக் கணினி ஒன்றை வைத்துச் சொல்லலாம். கண் மங்கிய பெரியவர்கள் வந்து படிக்கும் இடம் அது. எழுத்துப் பெருக்கத்தின் அளவு ஸ்கீமாவில் 1.0. அன்பர் ஒருவர் பெரியவர்களின் வசதிக்காக நிர்வாகி அடுக்கில் 1.25 என்று எழுதிவைத்தார் என்க. பின்னொரு நாள் வேறொருவர் எடிட்டரைத் திறக்கிறார், முன்னிருப்பு 1.0 என்றும், நடப்பிலுள்ளது 1.25 என்றும் காண்கிறார். ‘யாரோ மாற்றிவிட்டனர்’ என்று எண்ணி மீட்கும் பொத்தானை அழுத்துகிறார். மதிப்பு அசையவில்லை, ஏனெனில் பயனர் அடுக்கில் நீக்குவதற்கு ஒன்றுமே இல்லை. கருவி பழுது என்று முடிவு கட்டி, 1.0 என்று தாமே எழுதிவிட்டுப் போகிறார். மறுநாள் நாளிதழ் படிக்க வரும் முதியவருக்கு எழுத்து தெரியவில்லை. அவர் ஒருவரிடமும் முறையிடமாட்டார். தம் கண்ணைத்தான் நொந்துகொள்வார். நூலகத்திற்கு வருவதையும் மெல்ல நிறுத்திவிடுவார். ஓர் எண்ணைப் பிழைபட விளங்கிக்கொண்டதால் விளையும் நட்டம் இது.

ஐந்தாவது வழி, முன்னிருப்பையே தம் மதிப்பாக எழுதிவிடுதல். முன்னிருப்பு 1.0 என்றிருக்க, பயனரும் 1.0 என்று தம் அடுக்கில் எழுதினால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பொருளில் இரண்டும் வேறு. பின்னாளில் நிர்வாகியோ வெளியீட்டாளரோ முன்னிருப்பை மாற்றினால், ஒன்றும் எழுதாதவருக்குப் புதிய மதிப்பு வந்து சேரும், எழுதியவருக்கு வாராது. ஒரே வீட்டில் அண்ணன் கணக்கில் ஒன்றும் தங்கை கணக்கில் வேறொன்றும் தோன்றுவதற்கு இது பெரும்பாலும் காரணமாகும்.

இவற்றோடு நம்மவர் சிறப்பாக அறியவேண்டிய ஒன்று: சில அமைவுகளின் முன்னிருப்பு மொழிக்கு ஏற்ப மாறும்படி ஸ்கீமாவிலேயே வகை செய்யப்பட்டிருக்கிறது. தமிழ் இடைமுகத்தோடு உள்நுழைந்தவரும் ஆங்கில இடைமுகத்தோடு உள்நுழைந்தவரும் வெவ்வேறு முன்னிருப்பைக் காண்பராயின், அதைப் பிழை என்று உடனே கருதவேண்டியதில்லை.

கண்டறியும் முறை

ஐயம் எழுந்தால் எதையும் மாற்றுவதற்குமுன் பின்வரும் ஒழுங்கில் ஆராய்வது நலம். கட்டளைகளை இங்கு ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டெழுத வேண்டும்.

முதலாவதாக, உள்ளதை உள்ளபடி ஒரு தாளில் எழுதிக்கொள்க. அமைவின் முழுப் பெயர், நடப்பு மதிப்பு, கருவி காட்டும் முன்னிருப்பு, எந்தக் கணக்கில் நுழைந்தோம், எடிட்டரை எப்படித் திறந்தோம் ஆகிய ஐந்தும் அத்தாளில் இருக்க வேண்டும்.

இரண்டாவதாக, ‘டிகான்ஃப் டம்ப் /’ என்னும் கட்டளையின் விளைவை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்க. நாம் மாற்றிய அமைவுகள் யாவும் அதில் அடங்கிவிடும். பின்னர் ஏதேனும் கெட்டால் ‘டிகான்ஃப் லோடு /’ என்னும் கட்டளையால் அக்கோப்பை மீண்டும் ஏற்றிக்கொள்ளலாம். இது சில வினாடி வேலை. கடைக்காரரிடம் போகாமல் காப்பது இதுவே.

மூன்றாவதாக, சூடோ இல்லாமல், நம் கணக்கிலேயே, ‘ஜிசெட்டிங்ஸ் கெட்’ என்று தட்டெழுதி, அதன்பின் ஸ்கீமாவின் பெயரையும் அமைவின் பெயரையும் தருக. நடப்பிலுள்ள மதிப்பு வரும். அடுத்து ‘டிகான்ஃப் ரீடு’ என்று தட்டெழுதி அமைவின் பாதையைத் தருக. பயனரோ நிர்வாகியோ ஏதேனும் எழுதியிருந்தால் அதைக் காட்டும். ஒருவரும் எழுதவில்லையானால் ஒன்றும் காட்டாது. ஒன்றும் காட்டவில்லையெனில், நடப்பிலுள்ள மதிப்பு ஸ்கீமாவிலிருந்தோ மேலாணையிலிருந்தோதான் வருகிறது என்று துணியலாம்.

நான்காவதாக, மேலாணைக் கோப்புகளைப் பார்க்க. ‘யூஎஸ்ஆர்’ கோப்புறைக்குள் ‘ஷேர்’, அதற்குள் ‘ஜிலிப்-2.0’, அதற்குள் ‘ஸ்கீமாஸ்’ என்று சென்றால் அவை கிடைக்கும். கோப்பின் பெயர் எண்ணோடு தொடங்குவது வழக்கம். பெயர் வரிசைப்படி அவை படிக்கப்படுவதால், ஒரே அமைவைப் பற்றி இரு கோப்புகள் பேசினால் பின்னதே நிற்கும். பிரிவின் தலைப்பில் முக்காற்புள்ளிக்குப்பின் ஒரு சூழலின் பெயர் இருந்தால், அது அச்சூழலுக்கு மட்டுமே உரியது. நிர்வாகி எழுதியவை ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டிகான்ஃப்’ என்னும் இடத்தில் இருக்கும்.

ஐந்தாவதாக, தொகுத்த கோப்பின் தேதியை மேலாணைக் கோப்பின் தேதியோடு ஒப்பிடுக. தொகுப்பு முந்தியதாக இருந்தால் திருத்தச் சீட்டு ஒட்டப்படவில்லை என்று ஐயுற இடமுண்டு. அந்த ஸ்கீமா கோப்புறையைக் குறிப்பிட்டு ‘ஜிலிப்-கம்பைல்-ஸ்கீமாஸ்’ கட்டளையை இடுக; அது சொல்லும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் படிக்க. நிர்வாகி அடுக்கில் மாற்றம் செய்திருந்தால் ‘டிகான்ஃப் அப்டேட்’ கட்டளை வேண்டும். கோப்புகளை எழுதும் இவ்விரண்டு கட்டளைகளுக்கு மட்டும் சூடோ தேவைப்படும். பின்னர் வெளியேறி மீண்டும் உள்நுழைக.

இவ்வளவும் கடினம் என்று தோன்றுவோருக்கு எளிய சோதனை ஒன்றுண்டு. கணினியில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி அதில் உள்நுழைந்து பாருங்கள். புதியவர் எதையும் மாற்றியிருக்க மாட்டார். மற்ற அடுக்குகள் யாவும் சேர்ந்து தரும் உண்மையான முன்னிருப்பு அங்கே கண்ணுக்குத் தெரியும். சோதனை முடிந்ததும் அக்கணக்கை நீக்கிவிடலாம்.

தமிழ் விசைப்பலகை பற்றிய எச்சரிக்கை

இறுதியாக, நம் இல்லங்களுக்கு மிக நெருக்கமான ஒன்று. விசைப்பலகைகளின் பட்டியலைக் கொண்ட அமைவுக்கு ஸ்கீமாவில் உள்ள முன்னிருப்பு வெறும் பட்டியல். அதில் ஒன்றுமே இல்லை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி ஏற்கப்பட்ட ‘தமிழ்99’ விசைப்பலகையை நம் வீட்டில் யாரோ ஒருவர், தம்பியோ மருமகளோ, பொறுமையாகச் சேர்த்து வைத்திருப்பார். அது பயனர் அடுக்கில் எழுதப்பட்டது. அந்த அமைவை ‘முன்னிருப்புக்கு மீட்டால்’ கணினி வாங்கிய நாளில் இருந்த நிலை வந்துவிடும், தமிழும் திரும்பி வரும் என்று பலர் எண்ணுகின்றனர். வருவது அதுவன்று. பட்டியல் வெறுமையாகி, கணினி முழுமைக்கும் பொதுவாக வைத்த விசைப்பலகையே மிஞ்சும். அது பெரும்பாலும் ஆங்கிலமாகவே இருக்கும். இங்கே கருவி காட்டிய முன்னிருப்பு சரியானதே. அச்சொல்லுக்கு ‘நம் வீட்டில் முன்பு இருந்தது’ என்று பொருள் கொண்டதிலேதான் பிழை. ஆக்கியோருக்கு நம் வீட்டில் தாயார் தமிழில் கடிதம் எழுதுவது தெரியாது.

ஆகவே தமிழ் விசைப்பலகை நன்கு இயங்கும் ஒரு நாளிலேயே அந்த அமைவின் மதிப்பைத் தாளில் எழுதி, குடும்ப அட்டை முதலிய காகிதங்கள் இருக்கும் உறையில் வைத்துவிடுங்கள். வேலை மாற்றலாகி வேற்றூர் சென்றாலும், கணினியையே மாற்றினாலும், அத்தாள் உதவும். எல்லாவற்றையும் ஒருங்கே மீட்கும் கட்டளைகளை, யார் சொன்னாலும், நகல் எடுக்காமல் இடவேண்டாம்.

கருவி ‘முன்னிருப்பு’ என்று ஒன்றைச் சொல்லும்போது, சொன்னது ஆக்கியோரா, வெளியீட்டாளரா, நிர்வாகியா என்றும், கேட்டவர் யார் என்றும் ஆராய்ந்த பின்னரே பொத்தானைத் தொடுக. இதனைச் சங்கக் கூட்டங்களில் இளைஞர்கள் பெரியவர்களுக்குச் செய்து காட்டினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையிலேயே பத்து இல்லங்கள் பயன்பெறும். அயலூரில் நமக்கு நாமே துணை என்பது கணினிக்கும் பொருந்தும்.